கமையாவோட கோடு ஏன் படுத்துக்கிச்சு

நியூ ஆர்லின்ஸ்
ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை

என் ராசா லூசியனுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் உன் தங்கச்சி கமையாவும் சாமி புண்ணியத்துல நல்லாயிருக்கோம், அலாஸ்காவுல உனக்குக் காது ரெண்டும் ஒழுங்கா ஒட்டிக்கிட்டு இருக்கா இல்ல பனியில உதிர்ந்து போச்சான்னு நீ ஒரு வரி எழுதினாத்தான் எனக்குச் சோறு இறங்கும். இங்க வெயில் ஆரம்பிச்சாச்சு. டிராம்ல என்னை இப்ப காலை ஷிஃப்டுக்கு மாத்திட்டாங்க, முட்டி வலி அப்படியேதான் இருக்கு, அதைப் பத்தி நீ போன்ல கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுவேன், அதனால இங்கயே எழுதிடறேன். ஓலா பெரியம்மா போன ஞாயித்துக்கிழமை க்ராஃபிஷ் வேகவெச்சு எல்லாரையும் கூப்பிட்டா, மிளகாயை அள்ளிக் கொட்டியிருந்தா, சாப்பிட்டவங்க பாதிப்பேர் அழுதுகிட்டே சாப்பிட்டாங்க, நீ இருந்திருந்தா ரெண்டு வாளி உள்ள தள்ளியிருப்ப.

இப்ப நான் எழுத உக்காந்த விஷயத்துக்கு வர்றேன். கமையாவை மூணாம் வகுப்புலயே மறுபடியும் உக்கார வைக்கப் பாத்தாங்க. பயப்படாத, முழுசா படி. நம்ம ஊர்லதான் எல்லாமே சார்ட்டர் பள்ளிக்கூடம் ஆயிடுச்சே, இத்தனை பிள்ளைங்க இந்த இலக்கைத் தொடுவாங்கன்னு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்துத்தான் நடத்துறாங்க, தொடலேன்னா பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க, அதனால அங்க எதை எடுத்தாலும் அளவுதான். நடைவழிச் சுவர்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகிதக் கூழைக்கடா ஒட்டியிருக்காங்க, பேர் கிடையாது, நம்பர்தான், ஆனா எது யாரோடதுன்னு எல்லா அம்மாமாருக்கும் தெரியும். நம்மளுது பதினேழு. வாசிப்பு ஏற ஏறப் பறவையும் மேல ஏறணும். மத்ததெல்லாம் கூரையைத் தொடப் போகுது, நம்ம பதினேழு டிசம்பர்லேர்ந்து ஜன்னல் கட்டை உயரத்துலயே நிக்குது.

அளக்கறது எப்படின்னா, பிள்ளை ஒரு நிமிஷம் சத்தமா வாசிக்கணும், டீச்சர் எதிர்ல உக்காந்து தப்பாச் சொன்ன சொல்லையெல்லாம் தாள்ல பென்சிலால கோடு போட்டு அடிப்பாங்க, மிச்சம் எத்தனை சொல் நிக்குதோ அதுதான் கணக்கு. மே மாசத்துல நூறு வேணும். கமையா செப்டம்பர்ல அறுபத்திரண்டு, டிசம்பர்ல எழுபத்தஞ்சு, ஜனவரில எழுபத்தாறு, மார்ச்ல எழுபத்தஞ்சு. டீச்சர் மிஸ் ஹால்வர்சன் மினசோட்டாக்காரி, சின்னப் பொண்ணு, நல்ல மாதிரிதான், என்னைக் கூப்பிட்டு கம்ப்யூட்டர்ல கமையாவோட கணக்கு மாசாமாசம் ஏறி இறங்கற கோட்டைக் காட்டி, இப்படியே படுத்துக்கிடந்தா மேல அனுப்ப முடியாதும்மான்னு ரொம்ப மெதுவாச் சொன்னா. நான் வீட்டுக்கு வந்து உன் தங்கச்சியைத் திட்டி டிவியைப் பிடுங்கி வெச்சேன். அதுதான் நம்ம வழக்கமாச்சே.

ஆனா என் மண்டைக்குள்ள ஒரு பூச்சி புகுந்துடுச்சுடா. வீட்டுல நான் திங்கக்கிழமை பீன்ஸ் கிண்டறப்ப அவ அடுப்படில உக்காந்து வாசிப்பா, மழை மாதிரிக் கொட்டுவா, நடுவுல கதையில வர்ற ஆளுங்க மாதிரியே குரலை மாத்தி நையாண்டி வேற. அங்க மட்டும் ஏன் நொண்டுறா? ஒரு நாள் திட்டாம, தலை பின்னிவிடறப்ப சும்மா கேட்டேன். அவ சொல்றா, அம்மா, நான் வாசிக்கறப்ப மிஸ்ஸோட பென்சில் அசையுது, எந்தச் சொல்லுக்கு அசையும்னு எனக்கு முன்னாடியே தெரியாது, அதனால ஒவ்வொரு சொல்லா நின்னு பாத்துட்டுத்தான் வாயைத் திறக்கறேன்னு. எட்டு வயசு. எனக்குப் பின்னல் கையை விட்டு நழுவிடுச்சு.

மறுநாளே லீவு சொல்லிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் மிஸ்ஸைப் பாத்தேன். கோட்டைக் காட்டாதம்மா, அவ வாசிச்ச தாளையே காட்டுன்னேன். இதுவரைக்கும் எந்த வீட்டுலேர்ந்தும் அதைக் கேட்டதில்லையேன்னு சொல்லிக்கிட்டே பீரோவைக் குடைஞ்சு எடுத்தா. லூசியன், நீ பாத்திருக்கணும். ஜனவரில பிள்ளை தொண்ணூத்து நாலு சொல் வாசிச்சிருக்கா, பதினெட்டை அடிச்சிருக்கு. எதையெல்லாம்னு விரலை வெச்சுப் பாக்கறேன், பாக்கப் பாக்க எனக்குச் சிரிப்பும் வருது எரிச்சலும் வருது. ஆஸ்க்குன்னு இருக்கறதை நாம ஆக்ஸ்னுதானே சொல்வோம், அது அடி. டெஸ்க்கை டெஸ்னு சொன்னது அடி. மவுத்தை மவுஃப்னு சொன்னது அடி. பதினெட்டுல பதினாலு நம்ம வீட்டுப் பேச்சு. மார்ச் தாள்ல நாலே நாலு அடிதான், ஆனா மொத்தமே எழுபத்தொன்பது சொல்தான் வாசிச்சிருக்கா, நின்னு நின்னு. தப்பு குறைஞ்சது, வேகமும் குறைஞ்சது, ரெண்டும் சேந்து கோடு அசையாம படுத்துக்கிச்சு. மேல பாத்தா ஒண்ணுமே நடக்கல, உள்ள பிள்ளை பயந்து போயிருக்கா.

இது படிக்கத் தெரியாத தப்பா, இல்ல எங்க ஊர் வாயான்னு கேட்டேன். சத்தம் போடல, சத்தியமா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். அவளுக்கும் தெரியல. பரீட்சைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினோம், ரெண்டு பேரும் ஒரே சின்ன மேசை மேல குனிஞ்சு. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கான், பிள்ளை தன் வீட்டு வழக்கப்படி உச்சரிச்சா அதைத் தப்பா எண்ணக்கூடாதுன்னு. பாவம், அவ முகம் இறால் வெந்த மாதிரி ஆயிடுச்சு. எனக்கு இந்தப் பக்கத்தை யாரும் சொல்லித் தரலைன்னா. அன்னிக்கே ஜனவரித் தாளைத் திருத்தி தொண்ணூறுன்னு போட்டா.

ஆனா தாளைத் திருத்தலாம், பிள்ளை மனசைத் திருத்தறது அவ்வளவு லேசா? நேத்து மறுபடி வாசிக்க வெச்சப்ப என்னையும் ஓரமா உக்காரச் சொன்னா. எப்படி வேணா சொல்லு கண்ணு, அடிக்க மாட்டேன்னு மிஸ் சொல்லியும் உன் தங்கச்சி கண்ணு பென்சிலை விட்டு நகரல. எண்பதுதான் வந்துச்சு. அப்ப கமையா சொல்றா, மிஸ், நீங்க வாசிங்க, பென்சிலை நான் பிடிக்கறேன்னு. மிஸ்ஸும் சரின்னு பென்சிலைக் குடுத்துட்டு வாசிச்சா. மினசோட்டாவுல மில்க்கை மெல்க்குன்னுதான் சொல்வாங்களாம், பில்லோவைப் பெல்லோன்னு. சரக்கு சரக்குன்னு கோடு போட்டுத் தள்ளினா நம்மாளு. மிஸ் விழுந்து விழுந்து சிரிச்சு, எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்வோம் கமையான்னா. அதுக்கு உன் தங்கச்சி, கிண்டலே இல்லாம, முகத்தை நேராப் பாத்துக் கேட்டா:

"அப்ப உங்களுக்கும் வாசிக்கத் தெரியாதா மிஸ்?"

 அந்தப் பொண்ணு எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக் கமையாவுக்குப் பின்னால போட்டுக்கிட்டா, இப்ப வாசின்னா. தொண்ணூத்தி ஏழு. இன்னும் மூணு வேணும், கடைசிப் பரீட்சை மே இருபதுல. மத்த பிள்ளைங்க தாளையும் எடுத்துப் பாக்கறேன்னு சொல்லியிருக்கா, இன்னும் எத்தனை வீட்டுப் பேச்சு அதுல அடிபட்டுக் கிடக்கோ தெரியல.

இப்ப உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு முழுக்க டிராம் ஓட்டிக்கிட்டே இதைத்தான் நினைச்சேன், ரெண்டு ஸ்டாப்பை வேற தாண்டிட்டேன். உன்னை மூணாம் வகுப்புல திரும்ப உக்கார வெச்சாங்களே, அன்னிக்கும் எனக்கு இதே மாதிரி ஒரு கோட்டைத்தான் காட்டினாங்க. நான் கோட்டைப் பாத்தேன், நம்பினேன், கையெழுத்துப் போட்டேன். தாளைக் காட்டுன்னு கேக்கத் தோணலடா. உன் சேத்தாளிங்கல்லாம் மேல போனாங்க, நீ அதே பெஞ்சுல உக்காந்த, அதுக்கப்புறம் சர்ச்சுல கூட நீ சத்தமா ஒரு வரி வாசிச்சதில்ல. பையன் கொஞ்சம் மந்தம்னு ஓலாகிட்ட நானே சொல்லியிருக்கேன், உன் காதுல விழற மாதிரி. மத்தியானம் ஷிஃப்ட் முடிஞ்சதும் அந்தத் தாள் எங்கயாவது இருக்குமான்னு ஊர்ப் பள்ளிக்கூடங்களோட தலைமை ஆபீஸ்ல போய் விசாரிச்சேன். உன் பள்ளிக்கூடத்தைத்தான் அப்பவே மூடிட்டாங்களே, அதெல்லாம் கிழிச்சுப் போட்டிருப்பாங்க அம்மான்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. தாள் இல்லேன்னா என்ன, நீ அப்ப எப்படிப் பேசுவேன்னு எனக்குத் தெரியாதா? மவுஃப்னுதான் சொல்வ, என்னை மாதிரியே. அந்தப் பேச்சை உனக்குக் குடுத்ததும் நான், அதுக்குத் தண்டனைத் தாள்ல கையெழுத்துப் போட்டதும் நான். நீ மந்தம் இல்ல ராசா. அம்மாவை மன்னிச்சிடு.

சாமி உன்னை நோய் நொடி இல்லாம, வழுக்கி விழாம, நல்லா வெச்சிருக்கட்டும். காலுறை ரெண்டு போட்டுக்க. ஞாயித்துக்கிழமை மறக்காம கூப்பிடு, கமையா உனக்கு ஒரு பக்கம் வாசிக்கப் போறாளாம். அவ முடிச்சதும் நீ ஒரு பக்கம் வாசி, எதுவா இருந்தாலும் சரி. நான் கேக்கணும்.

உன் அம்மா,
வெர்னெட்