ஓணத்துக்கு வந்த குலைகள்

திற்பரப்பு,
20-9-1952

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். திருவனந்தபுரத்தில் பெரிய அதிகாரியைப் பார்க்க முடிந்ததா? வேலையிலிருந்து நிறுத்தி வைத்த ஆளை வாசலிலேயே காக்க வைத்திருப்பார்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நீங்கள் கைக்கூலி வாங்குகிறீர்கள் என்று போன மொட்டைப் பெட்டிசனை விசாரிக்க வந்தவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். யார் வீட்டிலும் ஒரு இளநீர்கூடக் குடிப்பதில்லை. நல்ல மனிதர்தான், அதுதான் எனக்குப் பயம். பட்டா வாங்கியவர்களையெல்லாம் கூப்பிட்டு, பகுதிக் கச்சேரி அதிகாரி யேசுரத்தினத்துக்கு என்ன கொடுத்தீர்கள் என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். நம் ஆட்களோ ஓணத்துக்கு வாழைக்குலை கொடுத்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள். பொன்னுலிங்கம் தன் குலைதான் எல்லாவற்றிலும் பெரிது என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பாவி மனுஷன், உங்களுக்கு நல்லது செய்வதாகவே நினைக்கிறார். அவர் எழுதிக்கொள்ளும் காகிதத்தில் கொடுத்த பொருள், நடந்த வேலை என்று இரண்டே கட்டம். கிறிஸ்மஸுக்கு நாம் வீடு வீடாக முந்திரிக்கொத்துப் பலகாரம் அனுப்பியதை எழுத அதில் இடமில்லை.

வெட்கத்தை விட்டு நானே குலை கொடுத்தவர்கள் வீடுகளுக்குப் போய், ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள் எனக் கெஞ்சினேன். தாணம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “நல்ல நாளும் அதுவுமா கைய வீசிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன்னு நாலு பேருக்க முன்னால சொல்லணுமா? என்னை என்னண்ணு நினைச்சிய?” என்றாள்.

நேற்று அதைவிடக் கொடுமை. நம் கஷ்டத்தைக் கேள்விப்பட்டு, ஆறுதலுக்கென்று சுடலையாண்டி ஒரு மட்டி வாழைக்குலையைத் தலையில் சுமந்து வந்தார். விசாரணைக்காரர் ரோட்டில் நிற்கிறார். நான் கதவைச் சாத்திவிட்டேன். சுடலையாண்டி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குலையோடு திரும்பிப் போனார். இன்று ஒருவரும் நம் முற்றத்தை மிதிக்கவில்லை. ஐயோ, எனக்கு அழுகைதான் வருகிறது.

இன்னொன்றும் காதில் விழுந்தது. குலை கொண்டு வராத கிருஷ்ணமணிக்கு மட்டும் இரண்டு வருஷமாகப் பட்டா கிடைக்கவில்லையாம். நீங்கள் மறந்துதான் போயிருப்பீர்கள். அப்படித்தான் நானும் நினைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். குலை வந்ததா என்று கேட்பார். எனக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதைச் சொன்னால் உங்கள் வேலை போய்விடும். உங்களிடம் கேட்டுச் செய்யலாம் என்றால், இந்தக் கடிதமே செவ்வாய்க்கிழமைதான் உங்கள் கைக்கு வரும்.

நான் என்ன சொல்லியிருந்தாலும், கோபித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். வழியெல்லாம் கர்த்தர் உங்களோடு இருப்பாராக.

உங்கள்,
நேசபாய்