குண்டின் பாதி

நெட்டைக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. சிறப்புப் பாடப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

"உனக்குக் கணக்கு நல்லா வருது, தியரி எடுத்துக்கோயேன்மா" என்றார் துறைத்தலைவர். வீட்டிலும் அதே பாட்டுதான். அந்தக் கணக்கை வைத்துத்தான், ஊசலை ஆட்டியே பார்க்காமல், புவியீர்ப்பு விடை 9.8 வரும்படி பின்னாலிருந்து கணக்குப் போட்டு நம் ஜோடியின் லேப் அட்டவணையை நிரப்பியவள் நான். நீ போய் சாரிடம் சொன்னாய். சொன்ன உனக்கும் சேர்த்துப் பூஜ்யம். இரண்டு மாதமாக நான் உன் முகத்தில் விழிக்கவில்லை.

நேற்று தனியாக லேபுக்குப் போய் ஐம்பது ஆட்டம் எண்ணினேன். 9.4 வந்தது. திருத்தக் கை பரபரத்தது, ஆனாலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

"ஏன் குறையுது?" என்றார் சார்.

"தெரியலை சார்."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. நூலை மட்டும் அளந்திருக்கிறேன். நுனியில் தொங்கும் குண்டின் பாதியையும் நீளத்தோடு சேர்க்க வேண்டும். அதை எப்போதும் நீதான் சேர்ப்பாய்.

பரிசோதனைப் பிரிவில் டிக் போட்டுவிட்டேன். கீழே 'லேப் ஜோடி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்தத் தடவை அதை நானாக நிரப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
பக்கத்து ஸ்டூல்காரி