மூணாவது ஓலை

சாந்தோம்
2.3.2026, திங்கள்

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள டெரன்ஸுக்கு,

நலமான்னு கேட்கப் போறதில்ல. நேத்து பூசையிலதான் பார்த்தேனே, நல்லாத்தான் இருந்தே. கையில போன் இருந்தா உனக்கு என்ன குறை?

இதை வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கலாம். அனுப்பினா ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவே. அதனாலதான் பிள்ளைங்க நோட்டு திருத்தற மேசையில உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை வச்சுட்டு நீலப் பேனா எடுத்திருக்கேன்.

நேத்து நமக்கு முதல் ஓலை. பாட்டுக் குழுவுல சேர்ந்த நாள்லேர்ந்து நீயும் நானும் எத்தனை பேரோட கல்யாண ஓலையைக் கேட்டிருப்போம்! இந்தப் பையனுக்கும் இந்தப் பொண்ணுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிஞ்சவங்க பங்குத் தந்தைகிட்ட வந்து சொல்லுங்கன்னு மூணு ஞாயித்துக்கிழமை வாசிப்பாங்க. நம்ம பேரை அப்படிச் சேர்த்துக் கேட்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஃபாதர் பேரைச் சொன்னதும் ஆம்பிளைங்க பக்கம் திரும்பினேன். நீ பூசையை லைவ்வா ஊருக்குக் காட்டற போனுக்குள்ள தலையை விட்டு கமென்ட் படிச்சிட்டிருந்தே. துபாய்லேர்ந்து யாரோ வாழ்த்து போட்டாங்களாம். பூசை முடிஞ்சதும் அதைத்தான் முதல்ல என்கிட்ட காட்டினே.

சாமி வேலைன்னு சொல்லுவே. எங்கம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நடந்தப்பவும் அதான் சொன்னே. ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் அழுதுட்டிருந்தேன். பக்கத்துல நீ 'நோரா ஆன்ட்டிக்காக செபியுங்கள்'னு இளைஞர் குழுவுல போட்டுட்டு, எத்தனை ஆமென் வந்திருக்குன்னு காட்டினே. என் கையைப் பிடிக்கணும்னு உனக்குத் தோணவே இல்ல.

தடை தெரிஞ்சவங்க சொல்லலாம் இல்லையா? எனக்குத் தெரியும். அது உன் சட்டைப் பையில இருக்கு. மூணாவது ஓலைக்குள்ள நீ மாறலைன்னா நானே ஃபாதர் ரூமுக்குப் போய்ச் சொல்லிடுவேன். விளையாட்டுக்கு எழுதல. போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். பேசணும்னா எழுது.

கோபத்தோட, ஆனாலும் உன்,
பிரிஸில்லா


மந்தைவெளி
5.3.2026

என் கோவக்கார பிரிஸிக்கு,

உன் லெட்டரை எங்கம்மா ஏதோ பேங்க் காயிதம்னு நெனச்சு ஃபிரிட்ஜ் மேல வச்சிருந்தாங்க. கவர்ல ஸ்டாம்ப் எந்தப் பக்கம் ஒட்டறதுன்னு போஸ்ட் ஆபீஸ் அக்காகிட்ட கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க.

முதல்ல படிச்சப்போ செம கோவம். நான் இன்னா சினிமாவா பார்த்துக்கினு இருந்தேன், பூசையை நாலு பேருக்குக் காட்டினது ஒரு குத்தமான்னு பக்கம் பக்கமா எழுதி, கிழிச்சுப் போட்டேன். ஆஸ்பத்திரி விஷயத்துல தப்பு என் மேலதான். நீ அழுதது எனக்கு நல்லா ஞாபகம் கீது. உனக்கு ஏதாவது செய்யணும்னு கை பரபரத்துச்சு. அது நேரா போனுக்குப் போயிடுச்சு. வேற இன்னா செய்யறதுன்னு அதுக்குத் தெரியல பிரிஸி.

தவக்காலத்துக்கு, ஈஸ்டர் வரைக்கும், வருஷா வருஷம் கறி விடறேன். அதெல்லாம் ஒரு தியாகமா? நொச்சிக்குப்பத்துல வஞ்சிரம் வாங்கி வெளுத்துக் கட்டறவன்தானே நான். இந்தத் தடவை போனை விடறேன். கிண்டியில ஆபீஸ் வேலைக்கு கம்ப்யூட்டர் போதும். போனை அணைச்சு பீரோவுல அம்மாவோட பட்டுப் புடவைக்கு அடியில வச்சாச்சு. சாவி அம்மாகிட்ட. கோயில் லைவ்வும் நிறுத்திட்டேன்.

அவசரப்பட்டு ஃபாதர்கிட்ட போயிடாதே, ப்ளீஸ்.

உன்
டெரன்ஸ்


மந்தைவெளி
9.3.2026

பிரிஸி,

நேத்து ரெண்டாவது ஓலைக்கு நீ வரவே இல்ல. தலைவலியா, இல்ல என்னைச் சோதிக்கிறியா? பொம்பளைங்க பக்கம் வரிசை வரிசையாத் தேடினேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

போன் இல்லாம பூசையில உட்கார்றது எவ்ளோ கஷ்டம்னு சொன்னா சிரிப்பே. பிரசங்கம் ஆரம்பிச்சதுமே கை பாக்கெட்டைத் தடவுது. நற்கருணை வாங்கிட்டு வந்து முட்டி போட்டேன், ஒண்ணுமே வரல. தெனம் காலையில வசனம் போட்டு குட்மார்னிங் சொல்றவன் நான்! கண்ணை மூடினா சாமிகிட்ட இன்னா பேசறதுன்னு தெரியல. செபமாலை சொல்லப் பார்த்தா அதுவும் பாதியில நின்னுபோச்சு, அடுத்து இன்னான்னு ஆப்தான் சொல்லிக்கினு இருந்துச்சு. இத்தனை நாளா நான் எங்க கும்பிட்டேன்? கும்பிடறதை ஊருக்குக் காட்டிக்கினு இருந்திருக்கேன். வெக்கமா கீது.

அப்புறம் ஃபாதர் நம்ம பேரை வாசிச்சாரு. ரெண்டு பேரையும் சேர்த்துக் கேட்டதும் ஒரு பயம். நல்ல பயம்தான். ஆனா எதிர் வரிசையில நீ இல்லாம அதைக் கேட்க நல்லாவே இல்ல. ஆண்டவரே, இந்தப் பொண்ணு என்னை விட்டுப் போயிடக் கூடாதுன்னு கேட்டேன். ரொம்ப நாள் கழிச்சு வாயாரச் சொன்ன செபம் அதான். யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணல.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

டெரன்ஸ்


சாந்தோம்
11.3.2026

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள டெரன்ஸ்,

தலைவலியும் இல்ல, சோதனையும் இல்ல. போனை விட்டுட்டதா எழுதினதை மீறி நீ திரும்பவும் குனிஞ்சிருந்தா நான் என்ன செய்வேன்னு பயந்துதான் வரல. வீட்டுல இருந்ததுல ஒண்ணு தெரிஞ்சுது.

எங்க ரெண்டாவது மாடியிலேர்ந்து அம்மாவால இன்னும் இறங்க முடியல இல்ல? ஞாயித்துக்கிழமை காலையில குளிச்சு, நல்ல புடவை கட்டி, முக்காடு போட்டு, போனை மிக்ஸி மேல சாய்ச்சு வச்சுட்டு உன் லைவ்வுக்காக உட்கார்ந்திருந்தாங்க. நான் கோயிலுக்குக் கிளம்பினதும் வாரா வாரம் இப்படித்தானாம். முதல் ஓலையை அதுலதான் கேட்டு அழுதிருக்காங்க. இந்த வாரம் லைவ் வரலைன்னதும் முகமே தொங்கிப்போச்சு. "மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையாடி?"ன்னு கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்ல! என் ரோஷத்துல அம்மாவுக்கு ரெண்டாவது ஓலை போயிடுச்சு.

அதனால உன்னை முழுசாத் திட்டவும் வாய் வரல. அதுக்காக விட்டுடவும் மனசு இல்ல. நாளைக்கு நமக்கு ஒரு குழந்தை பொறந்தாலும் நீ படம் எடுத்துட்டுத்தான் தூக்குவியோன்னு எனக்குப் பயமா இருக்கு.

இந்த ஞாயிறு அம்மாவுக்கு மட்டும் நான் வீடியோ கால் போடறேன். நீ முன் வரிசையில சும்மா உட்காரு. நம்ம பேர் வரும்போது நிமிர்ந்து என்னைப் பாரு. ஒரே ஒரு பார்வைதான் கேட்கிறேன். அது இல்லைன்னா பூசை முடிஞ்சதும் நேரா ஃபாதர் ரூமுக்குப் போவேன்.

ஒழுங்கா சாப்பிடு. நீ இளைச்சுப் போயிட்டதா கேள்விப்பட்டேன்.

பிரிஸி


மந்தைவெளி
15.3.2026, ஞாயிறு சாயந்தரம்

பிரிஸில்லா,

அவசரமா எழுதறேன். எழுத்து கோணலாத்தான் இருக்கும்.

நான் பார்த்தேன். மூணாவது ஓலைன்னு ஃபாதர் ஆரம்பிச்சதுமே உன் பக்கம் திரும்பிட்டேன். பேர் ரெண்டும் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் கண்ணை எடுக்கல. நீ குனிஞ்சு போனைத் தட்டிக்கினு இருந்தே. நிமிரவே இல்ல. சத்தியமா எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. பூசை முடிஞ்சதும் உன்னை நல்லா ஓட்டணும்னு நெனச்சுக்கினு இருந்தேன்.

ஆனா நீ என் பக்கம் வரவே இல்ல. நேரா ஃபாதர் ரூமுக்குள்ள போயிட்டே. கதவைச் சாத்தினாங்க. வெளியே மாதா சிலை இருக்கிற கெபிகிட்ட கொஞ்ச நேரம் நின்னேன். கதவு திறக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துட்டேன்.

போனை எடுத்துப் பேசுடான்னு அம்மா பீரோ சாவியை நீட்டினாங்க. வேணாம்னுட்டேன். எழுதுன்னு சொன்னவ நீ. எழுதறேன்.

ஃபாதர்கிட்ட நீ தடையைச் சொல்லியிருந்தா சொன்னதாவே இருக்கட்டும். நான் பார்த்தேன்னு மட்டும் உனக்குத் தெரிஞ்சா போதும். முதல் ஓலையன்னிக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும்னு இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. ரொம்ப வலிக்குதுடி.

டெரன்ஸ்


சாந்தோம்
17.3.2026

இயேசு மரி சூசை துணை

என் அழுமூஞ்சி டெரன்ஸுக்கு,

உன் லெட்டர் இன்னிக்கு மத்தியானம்தான் வந்தது. படிச்சுட்டு நானும் ஒரு மூச்சு அழுதேன். நடந்தது என்னன்னா, அம்மா காதுல கை வச்சு, சத்தம் வரலைன்னு போன்ல சைகை காட்டினாங்க. நான் ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்துட்டிருந்தேன். சத்தம் வந்தப்போ ஃபாதர் நம்ம பேரை வாசிச்சிட்டிருந்தார். அம்மா விரலை ஆட்டி, அந்தப் பக்கம் அந்தப் பக்கம்னாங்க. உன்னைக் காட்டச் சொல்றாங்கன்னு போனைத் திருப்பினேன். நான் திரும்பல.

நிமிர்றதுக்குள்ள ஓலை முடிஞ்சுபோச்சு. நீ பார்த்தியா இல்லையான்னே எனக்குத் தெரியல. நான் வச்ச பரீட்சையில நானே கோட்டை விட்டுட்டேன்! அதான் ஃபாதர் ரூமுக்கு ஓடினேன். இன்னொரு தடவை வாசிப்பீங்களா ஃபாதர்னு கேட்டேன். "மூணு தடவை வாசிச்சும் காதுல விழலையாம்மா?"ன்னார். விழுந்தது ஃபாதர், பார்க்கத்தான் இல்லன்னேன். அவருக்கு ஒண்ணும் புரியல. "நாலாவது ஓலை கிடையாது. அடுத்து உங்க பேரைச் சொன்னா, பீடத்துக்கு முன்னாடி நிக்க வச்சுத்தான் சொல்லுவேன்"னு சிரிச்சார். தடையைப் பத்தி நான் வாயே திறக்கல. திறந்திருந்தா என் கைப்பையையும் காட்ட வேண்டியிருந்திருக்கும்.

வெளியே வந்தா நீ இல்ல. வீட்டுக்கு வந்தா அம்மா பிலுபிலுன்னு பிடிச்சுக்கிட்டாங்க. "அந்தப் பிள்ளை உன்னையே பார்த்துட்டு நின்னுச்சு, நீ எங்கடி பார்த்தே?"ன்னு. உடனே உனக்குப் போன் போட்டேன். அது பட்டுப் புடவைக்கு அடியில தூங்குதுன்னு அப்புறம்தான் உறைச்சது. நேர்ல வர வெட்கமா இருந்தது.

ஈஸ்டர் முடிஞ்சு லைவ்வைத் திரும்பப் போடு. அம்மா மாதிரி மாடியில உட்கார்ந்திருக்கிறவங்க இன்னும் எத்தனை பேரோ. ஸ்டாண்டுல மாட்டிட்டு நீ வந்து வரிசையில உட்காரு. கமென்ட்டை யாரும் படிக்க வேணாம், நான் உள்பட.

இதைத் தபால்ல போடல. உங்க வீட்டுக்கே கொண்டு வந்து உன் கையில கொடுத்துட்டு எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன். உங்கம்மா காபி போட உள்ளே போயிருப்பாங்க. நீ இந்த வரியையும் குனிஞ்சுதான் படிச்சிட்டிருப்பே.

படிச்சது போதும். நிமிர்ந்து பாரு.

பிரிஸி