ஒரே வாயிலிருந்து வந்த மூன்று சேதிகள்

அண்ணாச்சி,

இன்று காலை நம் கோவில்பட்டி அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வந்தவர் கடம்பூர் போளி கொண்டுவந்தார். நெய் வாசனை வந்ததுமே, அவர் சொல்லப்போவதை மனத்துக்குள் ஒரு படி இறக்கிவைத்துவிட்டேன். போளியோடு வருகிற சேதியை நம்பாதே என்பீர்கள். போளியை மட்டும் மிச்சம் வைக்கமாட்டீர்கள்.

உளவு வேலை என்றால் ஊரில் என்னென்னவோ கற்பனை. நாம் செய்ததெல்லாம் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பிறர் அனுப்பும் அறிக்கைகளைப் படித்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று மேலிடத்துக்கு எழுதியதுதான்.

கயத்தாறு விவகாரம் நினைவிருக்கிறதா? ஒரு வியாபாரி குடோனில் வெடிமருந்து பதுக்குகிறார் என்று மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். மூவருமே பதினேழு மூட்டை என்றார்கள். இவ்வளவு ஒத்துப்போகிறதே என்று, அவரைப் பிடிக்கலாம் என எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நீங்கள் தாளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“மூணு பேரு எண்ணுனா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும்லா. இது ஒரே வாயில இருந்து வந்திருக்கு, தம்பி.”

விசாரித்தோம். மூவருக்கும் சொன்னது எதிர்க்கடைக்காரர். மூட்டைகளில் இருந்தது, மழைக்கு முன்பே கரிசல்காட்டு விவசாயிகளுக்காக வாங்கி அடுக்கிய உரம். ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தேனே என்று, கையெழுத்துப் போட்ட தாளை நானே கிழித்துப்போட்டேன். அன்றிலிருந்து யார் எது சொன்னாலும், இவருக்கு யார் சொன்னது என்றுதான் கேட்கிறேன். வீட்டில் இதற்காக வாங்கும் ஏச்சு தனி.

நீங்கள் போனபோது நான் வெளியூர்ப் பணியில் இருந்தேன். திரும்பியதும் நம் அலுவலகத்தில் மூன்று பேர் சொன்னார்கள், தூக்கத்திலேயே போய்விட்டார், ஒரு நோவும் இல்லை என்று. மூவரும் அதே வார்த்தைகள். துக்கத்திலும் சந்தேகப்படுவது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்தாக வேண்டும். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனேன். மூவருக்கும் சொன்னது உங்கள் வீட்டில் மதினி.

மதினி முதலில் அதையே சொன்னார்கள். பிறகு உடைந்துவிட்டார்கள்.

“நாலு நாளு மூச்சுக்குத் தவிச்சாவ. அவன் வந்து கேட்டா தூக்கத்துல போயிட்டேன்னு சொல்லு, பக்கத்துல இல்லாமப் போனோமேன்னு மறுகிக்கிட்டுக் கெடப்பான்னு, அவியதான் சொல்லச் சொன்னாவ.”

முதல் வாய் நீங்கள்தான், அண்ணாச்சி. இப்படிச் சொன்னால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று உங்களுக்கா தெரியாது? வேண்டுமென்றே அந்தத் தடயத்தை விட்டுவைத்தீர்களோ என்று அதையும் சந்தேகப்படுகிறேன்.

இப்போதும் யாராவது உங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். தூக்கத்திலேயே போனார், ஒரு நோவும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.