அப்பா பிளேனில் கூட்டி வந்த விருந்தாளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே சுகம், இந்த முறை அந்த வார்த்தையை வாய் நிறையச் சொல்கிறேன். அப்பாவுக்குக் கேன்சர் இல்லை என்று நேற்று போனில் சொன்னதும் நீ அழுத அழுகையில் மீதியைச் சொல்லவே முடியவில்லை. தவிர அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் பேச்சைத் திருத்திக்கொண்டே இருப்பார், அவர் குறுக்கே வராமல் இதைச் சொல்ல எனக்கு ஆசை.

புராஸ்டேட்டில் கட்டி போலத் தெரிகிறது, சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். எப்படி எடுப்பார்கள் என்று அப்பா சொல்லியிருக்க மாட்டார், கூச்சம். ஆசனவாய் வழியாக ஊசியை விட்டுக் குடலைத் துளைத்து எடுப்பார்களாம். குடல் கிருமி ரத்தத்தில் கலந்துவிடாமல் இருக்க முன்னாலேயே ஓர் ஆன்டிபயாடிக் உண்டு. எடுக்க வேண்டிய அன்றைக்கு நர்ஸ் வந்து, சமீபத்தில் வெளிநாடு போனீர்களா என்று கேட்டாள். உன் அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், தெருமுனையைத் தாண்டியே வெகுநாள் ஆயிற்று என்றார். கடல் தாண்டி உன் வீட்டுக்குப் போய் வந்த துணியையே நான் இன்னும் துவைத்து முடிக்கவில்லை! வெளிநாடு போனதாகச் சொன்னால் தள்ளிப் போட்டுவிடுவார்கள் என்று கீழ்வீட்டு டெய்லர் காதில் ஓதியிருக்கிறார். காத்திருந்து காத்திருந்து இவருக்கும் பொறுமை போய்விட்டது, பாவம். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா, "போன மாசம்தான் மக வீட்டுல இருந்து வந்தாரு, அங்க வயித்தால போயி மாத்திரை வேற போட்டாரு" என்று வார்டே கேட்கச் சொல்லிவிட்டேன். என்ன மாத்திரை தெரியுமா, எனக்குப் பல் பிடுங்கியபோது மீந்த ஆன்டிபயாடிக். வீட்டில் யார் மீத்த மாத்திரையையும் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பாரே, அதிலிருந்து எடுத்து உனக்கும் தெரியாமல் உன் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

டெய்லர் சொன்னபடியே தள்ளித்தான் போட்டார்கள். குடலில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்க, பஞ்சுக் குச்சியால் பின்பக்கம் தடவி எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். அத்தனை நாளும் என் மேல் கோபம், காபி கொடுத்தால் சுவரைப் பார்த்து வாங்கிக்கொள்வார். நான் மட்டும் நிம்மதியாகவா இருந்தேன், உள்ளே நிஜமாகவே கேன்சர் இருந்து, நான் தள்ளிப்போட வைத்ததால் முற்றிவிட்டால் என்ன செய்வேன் என்று துணி காயப்போடுகிற சாக்கில் மாடியில் நின்று அழுதிருக்கிறேன்.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டரே எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அப்பா வயிற்றில் குடியேறியிருக்கும் கிருமிக்கு அவர்கள் வழக்கமாகக் கொடுக்கிற மருந்து வெறும் தண்ணீர் மாதிரியாம், அதைக் கொல்லவே கொல்லாதாம். "அம்மா அன்னைக்கு வாயைத் திறக்கலேன்னா இவர் உயிருக்கே ஆபத்தாயிருக்கலாம்" என்றார். வேறு மருந்து கொடுத்து, குடலைத் தொடாமல் வெளித்தோல் வழியாக எடுத்தார்கள், காய்ச்சல்கூட எட்டிப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் வாயை அடக்கச் சொன்ன மனுஷர் டாக்ஸியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கத்துனது நல்லதாப் போச்சு" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், சொன்னார். டிரைவரும் கேட்டார், எனக்கு அதுவும் சந்தோஷம்தான்.

வெளியே சாப்பிட அழைத்துப்போனதால்தான் இப்படி ஆயிற்று என்று மாப்பிள்ளை மனசு சங்கடப்பட வேண்டாம். ஊர் விட்டு ஊர் போகிற யாருக்கும் ஒட்டிக்கொள்ளுமாம், இருப்பதே தெரியாதாம். கண்ட மாத்திரையைப் போட்டால் நல்ல கிருமிகள் செத்து இதற்கு இடம் காலியாகிவிடுமாம். சும்மா விட்டால் சில மாதத்தில் பெரும்பாலும் தானே கிளம்பிவிடுமாம். அதுவரை அப்பா கழிவறையிலிருந்து வந்தால் சோப்புப் போடுகிறாரா என்று வாசலில் நின்று பார்க்கிறேன். டின்னில் இருந்ததையெல்லாம் மருந்துக் கடையில் ஒப்படைத்துவிட்டேன். டெய்லருக்கு அப்பாவே படியிறங்கிப் போய், தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கிவிட்டு வந்தார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் வாழ வேண்டும். நீயும் வேலைக்காக ஊர் ஊராகப் பறக்கிறவள், எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எங்கெங்கே போய் வந்தாய் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீயே சொல்லிவிடு, மறக்காதே. அப்பா உள்ளே சவரம் செய்துகொண்டே பாடுகிறார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. ஜன்னலைச் சாத்த எழுந்தேன், சாத்தாமல் வந்து உட்கார்ந்துவிட்டேன். பாடட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்