கியர் பக்கத்துச் சீட்டு

என்னங்க,

பஸ்ஸுல தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போறேன். கார உங்களுக்கு விட்டுட்டேன், சாவி டிவி மேல இருக்கு. சாயங்காலம் உங்க தங்கச்சி ஆனந்தி கடம்பூர் ஸ்டேஷன்ல எறங்குதா. நீங்கதான் கூட்டிட்டு வரணும்.

துபாய்ல இத்தன வருஷம் கிளட்ச் இல்லாத வண்டி ஓட்டுன காலு, பிரேக்க மட்டுந்தான் தேடுது. அதான் நேத்து பஜார்ல வண்டி குலுங்கி நின்னுச்சு. நான் சிரிச்சேன்தான். அதுக்காகச் சாப்பிடாமலா படுப்பீங்க?

பிரேக்க மிதிச்சு வேகம் கொறஞ்சதும், கிளட்ச மிதிச்சு ரெண்டாவது கியருக்கு வாங்க. நிக்கப் போகையில திரும்பக் கிளட்ச் மிதிக்கணும். மெயின் ரோட்டுலருந்து ஊருக்குத் திரும்புத விலக்குல கரிசல் மண்ணு ரோட்டுல ஏறி, மழைக்கு வழுக்குது. அங்கன பிரேக்க ஓங்கி மிதிச்சுராதீங்க.

உளுந்தஞ்சோறு குக்கர்ல இருக்கு. எள்ளுத் தொவையல் மூடி வச்சிருக்கேன்.

கல்யாணமான புதுசுல, பருத்தி எடுத்து முடிச்ச காட்டுல எனக்கு இதே கார ஓட்டப் பழக்குனீங்களே, ஞாபகம் இருக்கா? எங்கைமேல கை வச்சு கியர் மாத்துனீங்க. வண்டி அணையுத போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. நான் கோவிச்சேனா?

அமுதவள்ளி

வாரப்ப தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல என்னையும் ஏத்திக்கிடுங்க.

ஆனந்தியப் பின்னால உக்காரச் சொல்லுங்க. கியர் பக்கத்துச் சீட்டு எனக்கு.