எட்டாம் இதழ் எப்போது வரும்?

என் வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதற்குப் படி என்று கேட்பாய். லிஃப்ட் ஓடாத இடத்துக்குத்தானே என்னைக் கூப்பிடுகிறார்கள்!

போன மாதம் அப்படி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வேலை முடிந்து கையெழுத்து வாங்க நின்றபோது, வரவேற்பு மேஜையில் இருந்த பெண் ஒரு காமிக்ஸ் புத்தகத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் 'தாங்கி – முழக்கம்' என்று தலைப்பு. முகமூடி போட்ட ஒரு புருஷன், பெண்டாட்டி. புருஷனுக்கு முன்வழுக்கை, காதில் பென்சில், கொஞ்சம் தொப்பை. அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். "சார், இது நீங்களா?" என்றாள். வாங்கிப் புரட்டினால் கதை, படம் என்ற இடத்தில் உன் பெயர்.

அன்றே ஏழு இதழ்களையும் தேடி வாங்கிவிட்டேன். புருஷன்காரன் தாங்கி, அறுந்து விழும் லிஃப்டைத் தன் தோளில் பிடித்து நிறுத்துகிறானே, அந்தப் பக்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. (நிஜத்தில் கயிறு அறுந்தாலும் லிஃப்ட் அப்படி விழாது, பிரேக் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை என்னைக் கேள்.) ஊரில் எதைத் தொட்டாலும் சரிசெய்கிறவன் தன் வீட்டுக் குழாயை மட்டும் நாலு இதழாக ஒழுகவிடுகிறான் என்பது கொஞ்சம் அநியாயம்.

அம்மாவிடம் எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. படம் வரைவதுதான் பிழைப்பு என்றால் இந்த வீட்டுப் பக்கம் வராதே என்று அவள் சொல்லி, நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி இரண்டு வருஷம் ஆகிறது. அதன்பிறகு உன் பேச்சு வந்தாலே அவள் எழுந்து போய்விடுவாள். அதனால் புத்தகங்களைச் சாப்பாட்டு மேஜையில் மறந்து வைத்ததுபோல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

சோப்புப் போடுவதற்குள் சத்தம் கேட்டது. "நான் எப்பங்க இப்படிக் கத்தியிருக்கேன்? கண்ணாடி உடையற மாதிரியா கத்தறேன்?" அவள் கேட்ட கேள்வியில் எதிர்வீட்டு டெய்லர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாராம்.

ஆனால் படிப்பதை நிறுத்தவில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்துக்கும் எடுத்துப் போனாள். நாலாவது இதழில் வில்லன் அமிலத்தில் தண்ணீரை ஊற்றுகிறானாம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டுமாம். "இருபது வருஷமா லேப்ல இருக்கறவ பெத்த பொண்ணு, இதுகூடவா தெரியாது!" என்றாள். 'பொண்ணு' என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததைக் கவனித்தேன். கவனிக்காதவன்போல் தட்டைக் கழுவினேன்.

ஆறாவது இதழில், முழக்கம் கோபத்தில் போட்ட சத்தத்தில் சொந்த வீடே விரிசல் விடுகிறது. அன்றோடு அவள் வாயை மூடிக்கொள்கிறாள். அதைப் படித்த நாள் முழுக்க அம்மாவும் ஒன்றும் பேசவில்லை. ஏழாவதில் நீ தாங்கியை மாடி விளிம்பில் ஒற்றைக் கையில் தொங்கவிட்டுவிட்டாய். ஜன்னல் கண்ணாடியை உடைத்து அவனை உள்ளே இழுக்க அவள் சத்தம் போட்டாக வேண்டும். அந்த இடத்தில் போய் 'தொடரும்'! அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அவ வாயத் திறப்பாளா, மாட்டாளா?" எனக்கென்ன தெரியும்? "உன் பொண்ணுகிட்டயே கேளேன்" என்றேன். போனை எடுத்து உன் எண்ணைத் தட்டினாள். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

இப்போது ஒரு ரகசியம். உன் பதிப்பாளர் ஆபீசுக்கு ஒன்பது பக்கக் கடிதம் ஒன்று வந்திருக்கும். பச்சை மை. கீழே 'ஒரு வாசகி' என்று மட்டும் இருக்கும். முதல் எட்டுப் பக்கமும் நீ செய்த தப்புகள். ஒன்பதாவதில், முழக்கம் பேசியே தீர வேண்டும், அவள் கெட்டவள் இல்லை, தன் குரலுக்குத் தானே பயந்துபோயிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாள். தபாலில் போடச் சொல்லி உறையை ஒட்டாமல் என்னிடம் கொடுத்தாள். நான் படிப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா? முப்பது வருஷக் குடித்தனம்.

நேற்று உன் அறை மேஜையை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னாள். "வெளிச்சம் அங்கதான் நல்லா விழுது" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. முழங்காலையும் மறந்து நகர்த்திப் போட்டேன்.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. ஆனால் ஒரு வாசகி அவ்வளவு தூரம் எழுதிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? தபாலை நம்ப முடியாது. கையோடு கொண்டுவந்து கொடுப்பதுதான் நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எங்கும் போவதில்லை.

கை நோகாமல், கண் கெடாமல், நினைத்ததையெல்லாம் வரைந்துகொண்டு நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொப்பையைக் கொஞ்சம் குறைத்து வரையச் சொல்லும்
உன் அப்பா